வெளுத்துப்போன காப்பு

அத்தியாயம் 4

பரிபூரணத்துக்கு இருந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்வதும், எழுந்து ஜன்னல் வழியே பஸ் ஸ்டாண்டைப் பார்ப்பதும், திரும்பி வந்து தலைக்கு மேலே ஓடாமல் நின்ற காற்றாடியை முறைப்பதுமாக இருந்தார். கரண்ட் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. முறைத்தால் சுற்றிவிடுமா என்று கேட்கத் தவசிமுத்துவுக்கு நாக்கு துறுதுறுத்தது. எதிரே ஒரு பெண் அழுதுகொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டான். அவன் வாயை அடக்குவது அபூர்வம்.

பரிபூரணம் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். அதே ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டியவன் தவசிமுத்து. ஓய்வு பெற்று ராஜபாளையத்துக்கு வந்து, சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் நிலையம் என்று அவர் போர்டு மாட்டியபோது இவனும் வந்து ஒட்டிக்கொண்டான். ஆம்புலன்ஸ் போய் டி.வி.எஸ். 50 வந்துவிட்டது. ஆனால் "சிஸ்டர்" என்று கூப்பிடுகிற பழக்கம் மட்டும் போகவில்லை.

"அழாதம்மா. உன் வீட்டுக்காரர் மேல என்ன கேஸு? முதல்ல இருந்து சொல்லு" என்றார் பரிபூரணம்.

இருளம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "மொதலாளி குளிக்கிற வெந்நீர்த் தொட்டியில குளோரினக் கூட்டிப் போட்டு அவியளக் கொல்லப் பாத்தாராம். ராத்திரியே போலீசுக்காரவ வந்து கூட்டிட்டுப் போயிட்டாவ. மொதலாளி வில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில கெடக்காவ. இவர இன்னைக்குச் சாயங்காலம் கோர்ட்ல நிறுத்தி உள்ள தள்ளிருவாவளாம்."

முதலாளி என்றால் சோலைராஜ். காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணியை நெய்து, குளோரினில் வெளுத்து, லாரி லாரியாக அனுப்புகிற மில்காரர். இடுப்புவலிக்கு நல்லது என்று அவருடைய மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொட்டியை அனுப்பியிருந்தார். ஹீட்டர் உண்டு, அடியிலிருந்து நுரை தள்ளும் மோட்டார் உண்டு, மேலே போட ஒரு கனத்த மூடியும் உண்டு. பங்குனி வெயிலில் ஊரே ஒரு குடம் குளிர்ந்த தண்ணீருக்கு அலைகையில் ஒரு மனுஷர் வெந்நீரில் உட்காருகிறாரே என்று டீக்கடைகளில் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். அந்தத் தொட்டியைப் பராமரிக்கிற வேலைதான் இருளம்மாளின் புருஷன் மலைச்சாமிக்கு.

"உன் வீட்டுக்காரர் முன்னால மில்லுலதானே இருந்தாரு?"

"வெளுக்கிற ஷெட்ல இருந்தாரும்மா. போன தீவாளிக்குப் பொறவு அங்க சிலிண்டர் கசிஞ்சி பொன்னுராஜ் அண்ணனுக்கு ரெண்டு கண்ணும் போச்சு. குடிச்சிட்டு அவனாத் திருகிட்டான்னு மொதலாளி சொல்லுதாவ. வால்வு பழுதுன்னு மொத நாளே சொல்லியும், ஓட்டுங்கலேன்னு மொதலாளி சொன்னத எங்க வீட்டுக்காரரு காதால கேட்டாரு. கேட்டவரு அவரு ஒருத்தர்தான். வார திங்கக்கிழம சாட்சி சொல்லப் போறாரு."

பரிபூரணம் நடப்பதை நிறுத்தினார்.

"முதலாளியைக் கொல்லப் பாத்தவன் சொல்லுற சாட்சி எந்தக் கோர்ட்ல நிக்கும்?" என்றார் தனக்குத் தானே.

"நிக்காது சிஸ்டர். உக்காந்துரும்" என்றான் தவசிமுத்து. இருளம்மாள் மறுபடி அழத் தொடங்கவே, சொன்னதற்கு உடனே வருந்தினான்.

"சரி, தண்ணியில குளோரின் கூடிப் போச்சுன்னா உன் வீட்டுக்காரர் என்ன செய்வாரு?"

"மூடியத் தொறந்து வெயில் பட வுடுவாரு. மோட்டாரப் போட்டுச் செத்த நேரம் ஓட்டுவாரு. அதுக்கும் கொறையலைன்னா பாதித் தண்ணிய எறைச்சிட்டுக் கெணத்துத் தண்ணி விடுவாரு. ரொம்ப அவசரமுன்னா போட்டோ ஸ்டூடியோவுல வச்சிருப்பாவளே ஹைப்போ உப்பு, அதுல கொஞ்சம் போடுவாரு. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

"போதும்" என்று பரிபூரணம் குடையை எடுத்தார். "ஏலே தவசி, வண்டிய எடு."

தவசிமுத்து மஞ்சள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கினான். ஸ்ரீவில்லிபுத்தூர் மாரியம்மனுக்கு மறுநாள் பூக்குழி, தீமிதித் திருவிழா. கொடியேற்றத்தன்று கோயிலில் கட்டிய மஞ்சள் காப்புக் கயிறு அவன் வலது மணிக்கட்டில் பளிச்சென்று இருந்தது. அன்றைக்கு வரிசையில் முதல் காப்பு சோலைராஜுக்குக் கட்டப்பட்டது, கால் கடுக்க நின்றும் தனக்குக் கடைசியில்தான் கட்டினார்கள் என்ற கடுப்பு அவனுக்கு இன்னும் தீரவில்லை.

* * *

சோலைராஜின் பங்களா சோழபுரம் ரோட்டில் ஊருக்கு வெளியே இருந்தது. கேட்டைத் திறந்ததும் பால்வெள்ளையில் ஒரு ராஜபாளையம் நாய் எகிறிக் குதித்தது.

"இதையும் தொட்டியில முக்கி எடுத்திருப்பாங்களோ சிஸ்டர்?"

"நாய் கடிச்சா ஊசி போட எனக்குத் தெரியும். பேசாம வா."

கொல்லைப்புறத்தில் தொட்டி இருந்த கொட்டகையில் இன்ஸ்பெக்டர் சுந்தரபாண்டியன் வியர்வையைத் துடைத்தபடி நின்றிருந்தார். கெட்டவர் இல்லை. அவசரக்காரர், அவ்வளவுதான். பூக்குழிக்குப் பந்தோபஸ்து வேறு அவர் தலையில் விழுந்திருந்தது.

"வாங்க சிஸ்டர். வீண் அலைச்சல். கேஸு முடிஞ்சி போச்சு" என்றார். "நேத்துச் சாயங்காலம் சோலைராஜ் சார் தொட்டியில இறங்கியிருக்காரு. செத்த நேரத்துல கண்ணு எரிஞ்சி மூச்சு முட்டியிருக்கு. கத்திக்கிட்டு எழுந்திரிச்சி வந்து, மூடிய மூடச் சொல்லிட்டு கார்ல ஏறிட்டாரு. அந்தா பாருங்க, காலியான குளோரின் பவுடர் டப்பா. பக்கத்துலயே ஹைப்போ பொட்டலம். மலைச்சாமி டப்பாவைக் கொட்டியிருக்கான். நாங்க வாரதுக்குள்ள ஹைப்போவப் போட்டுத் தடயத்த அழிச்சிட்டான்."

"அழிச்சிட்டான்னு எப்படித் தெரியும்?"

"காலையில சோதிச்சோமே. அந்தக் கண்ணாடிக் குழாயில தண்ணியப் பிடிச்சி மாத்திரையப் போட்டா, குளோரின் இருந்தா ரோஸ் நிறம் வரணும். வரல. பச்சத் தண்ணி மாதிரி இருக்கு."

பரிபூரணம் மூடியைத் தூக்கினார். குப்பென்று வந்த நெடியில் தவசிமுத்துவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"மருந்தே இல்லாத தண்ணி நல்லாத்தான் மணக்கு" என்றான்.

"அது டப்பா சிந்தின வாடையா இருக்கும்" என்றார் இன்ஸ்பெக்டர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

பரிபூரணம் குழாயை எடுத்துத் தொட்டித் தண்ணீரைப் பிடித்து ஒரு மாத்திரையைப் போட்டார். கண்ணிமைக்கிற நேரம் ஒரு ரோஸ் நிறம் ஓடியது. ஓடியது மறைந்தது. தண்ணீர் தெளிவாக நின்றது.

"பாத்தீங்களா? நிறமே இல்ல."

"வந்துட்டுப் போச்சு இன்ஸ்பெக்டர். நீங்க பாக்கல." அவர் திரும்பினார். "தவசி, கிணத்துல ஒரு வாளி இறைச்சிட்டு வா."

தவசிமுத்து இறைத்து வந்தான். கிணற்றுத் தண்ணீரில் மட்டும் ஒரு மாத்திரை போட்டார். நிறம் வரவில்லை. பிறகு ஒரு டம்ளர் கிணற்றுத் தண்ணீரில் தொட்டித் தண்ணீரை ஒரே ஒரு கரண்டி கலந்து, அதைக் குழாயில் ஊற்றி மாத்திரையைப் போட்டார். குழாய் முழுக்க அரளிப் பூ நிறத்தில் சிவந்தது. சிவந்தது சிவந்தபடி நின்றது.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். "இது எப்படி? தண்ணியக் கலந்தா குறையத்தானே செய்யணும்?"

"குளோரின் அளவோட இருந்தா மாத்திரை நிறம் காட்டும். அளவு மீறிப் போச்சுன்னா அந்த நிறத்தையே தின்னுரும். பட்டாளத்துல ஒரு சுகாதார ஆபீசர் இப்படித்தான் நிறம் வரல, வரலன்னு டேங்க்ல கொட்டிக்கிட்டே இருந்தாரு. ஒரு கம்பெனிப் பட்டாளமே தொண்டையப் பிடிச்சிக்கிட்டு அலைஞ்சுது."

"அதுல நானும் ஒருத்தன்" என்றான் தவசிமுத்து. "ஒரு வாரம் நான் பேசல. ஆஸ்பத்திரியே நிம்மதியா இருந்துச்சு."

"ஆக, இந்தத் தண்ணியில யாரும் ஹைப்போ போடல" என்றார் பரிபூரணம். "தடயத்த அழிக்க நினைச்சவன் மூடியத் தொறந்து வச்சிருந்தாலே பாதி போயிருக்கும். மூடியே கிடந்ததால நேத்து இருந்த மாதிரியே இன்னைக்கும் இருக்கு. இத ஞாபகம் வச்சுக்கோங்க. நேத்து சோலைராஜ் இறங்கின தண்ணியும் இதுதான்."

சுந்தரபாண்டியன் தலையைச் சொறிந்தார். "சரி, அழிக்கல. ஆனா போட்டது அவன் இல்லைன்னு ஆயிருமா?"

ஆகாது. பரிபூரணத்துக்கும் அது தெரிந்திருந்தது. தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இன்ஸ்பெக்டர் ஒரு பாட்டிலில் தண்ணீரை மொண்டு அடைத்து, ஆஸ்பத்திரியில் சோலைராஜிடம் வாக்குமூலத்தை விவரமாக வாங்க வேண்டும் என்று ஜீப்பில் ஏறினார்.

"சாயங்காலத்துக்குள்ள ஏதாச்சும் இருந்தா கொண்டாங்க சிஸ்டர். இல்லைன்னா நான் அவன நிறுத்தித்தான் ஆகணும்."

ஜீப் கிளம்பிய சத்தத்தில் தவசிமுத்து திரும்ப, கையிலிருந்த கண்ணாடிக் குழாய் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. யோசிக்காமல் முழங்கை வரை கையை விட்டு அடியில் துழாவினான்.

"ஏலே! கைய எடு!"

"கெடைச்சிருச்சு சிஸ்டர்!"

"கை போயிரும்ல கூமுட்ட!" என்று வாளியில் இருந்த மிச்சத் தண்ணீரை அவன் கைமேல் கொட்டினார். தோல் திகுதிகுவென்று காந்தியது. மணிக்கட்டில் காப்புக் கயிறு செங்காவி நிறத்துக்கு மாறியிருந்ததைத் தவசிமுத்து பார்த்தான். நனைந்ததால் அப்படித் தெரிகிறது என்று விட்டுவிட்டான்.

* * *

ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. ரயில் வருகிற அறிகுறியே இல்லை. பின் ஸீட்டிலிருந்து இறங்கிய பரிபூரணம் கேட்டுக் கம்பி வரை போனார், வந்தார், மறுபடி போனார். வெயில் மண்டையைப் பிளந்தது. கோர்ட் நேரம் கரைந்துகொண்டிருந்தது. மஞ்சள் சேலை கட்டிய பெண்கள் வேப்பிலையோடு கேட்டுக்கு அடியில் குனிந்து நடந்துபோனார்கள்.

"சோலைராஜே பவுடரக் கொட்டிட்டு நடிக்காருன்னு வையுங்க" என்றார் பரிபூரணம். "எப்படிக் காட்டுறது? கண்ணு சிவந்திருக்கு, இருமுதாரு. டாக்டர் பாத்தாச்சு."

"கண்ணு செவக்க ஒரு சோப்புக் கட்டி போதும் சிஸ்டர். இருமுறதுக்கு அதுகூட வேண்டாம்."

"தெரியும். நிரூபிக்கணுமே."

தவசிமுத்து நெற்றி வியர்வையை வழித்தான். வழித்த கை அப்படியே நின்றது.

"ஐயையோ ஆத்தா!"

"என்னலே?"

"எங்காப்பு! சிஸ்டர், எங்காப்பப் பாருங்க!"

கயிறு காய்ந்திருந்தது. மஞ்சளும் இல்லை, செங்காவியும் இல்லை. கடையில் வாங்கிய புது நூல் மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. தவசிமுத்து அதை உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தான். கிண்டலும் கேலியுமாகத் திரிகிறவன்தான். ஆனாலும் மகளுக்கு அம்மை இறங்கினால் பூக்குழி இறங்குவதாக நேர்ந்துகொண்டவன். மகள் பிழைத்துவிட்டாள். நாளைக்கு இந்த வெள்ளைக் கயிற்றோடு போய் நின்றால் பூசாரி என்ன சொல்வாரோ?

பரிபூரணம் அவன் மணிக்கட்டைப் பிடித்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேற கயிறு கட்டிக்கக் கூடாதா?"

"என்ன சிஸ்டர் இப்படிக் கேக்கீங்க? நீங்க சர்ச்சுக்குப் போறவிய, உங்களுக்குத் தெரியாது. கொடியேத்தத்துல கட்டினா பூக்குழி இறங்கி முடிச்சப் பொறவுதான் அவுக்கணும். நடுவுல அவுத்தா விரதமே முறிஞ்சி போகும். உயிரே போனாலும் ஒருத்தனும் அவுக்க மாட்டான்."

"ஒருத்தனும்?"

"ஒருத்தனும்."

ரயில் தடதடத்துப் போனது. கேட்டை முழுசாகத் தூக்குவதற்குள் பரிபூரணம் பின் ஸீட்டில் ஏறி அவன் முதுகில் தட்டினார். "ஓட்டுலே. ஆம்புலன்ஸ் ஓட்டுன மாதிரி ஓட்டு."

* * *

ஆஸ்பத்திரியின் தனி அறையில் சோலைராஜ் தலையணையில் சாய்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. கழுத்து வரை போர்வை. பக்கத்தில் அவர் மனைவி நாச்சியார் பனைவிசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள். இரவு முழுக்கத் தூங்காத முகம். விசிறுகிற கை மட்டும் ஓயவில்லை. இன்ஸ்பெக்டர் முட்டியில் அட்டையை வைத்து எழுதி முடித்திருந்தார்.

"முதலாளிக்கு நாடி பாக்கட்டுமா? பழைய பழக்கம்" என்று சொல்லியபடியே பரிபூரணம் போர்வைக்குள்ளிருந்து அவருடைய வலது கையை எடுத்துப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்தே பேசினார். "ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்க. தண்ணிக்குள்ள எம்புட்டுத் தூரம் இருந்தீங்க?"

"கழுத்து வரைக்கும்" என்று சோலைராஜ் இருமினார். "இடுப்புவலிக்கு அப்படித்தான் உக்காரணும்."

"கை?"

"ரெண்டு கையும் உள்ளதான். உள்ள ஒரு கம்பி இருக்கு, அதப் பிடிச்சிக்கிட்டுதான் உக்காருவேன். எல்லாம் இன்ஸ்பெக்டர்ட்ட சொல்லிக் கையெழுத்தும் போட்டாச்சு."

"பாவம்." பரிபூரணம் நாச்சியாரிடம் திரும்பினார். "ஊசி போடுற இடத்துல காப்பு கிடக்கே, நர்ஸுங்க அவுக்கச் சொல்லலையா?"

நாச்சியாருக்கு முகம் மலர்ந்தது. நேற்றிலிருந்து தன்னால் ஆன ஒரே காரியத்தைப் பற்றி ஒருவர் கேட்டுவிட்டார். "சொன்னாவ. கத்திரியே எடுத்துட்டு வந்துட்டாவ. நாந்தான் குறுக்க விழுந்து மறிச்சேன். இடது கையில போட்டுக்கோங்கன்னுட்டேன். கொடியேத்தத்தன்னைக்கிக் கட்டின காப்பு கட்டினபடி இருக்கு. அவிய மேல ஆத்தாளுக்கு எரக்கம் இருக்கப் போய்த்தான் உசுரு தப்பிச்சுது."

தவசிமுத்து அப்போதுதான் சோலைராஜின் மணிக்கட்டைப் பார்த்தான். பூசணிப் பூ நிறத்தில் காப்பு பளபளவென்று இருந்தது.

"ஏலே தவசி" என்றார் பரிபூரணம். "உன் கையப் பக்கத்துல நீட்டு."

நீட்டினான். ஒரே நாளில் ஒரே கோயிலில் கட்டிய இரண்டு கயிறுகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை.

"இவன் உங்க தொட்டியில கைய விட்டது ஒரு குழாயத் தேடி எடுக்கிற நேரம்தான். நீங்க உக்காந்திருந்தது அதே தண்ணி. யாரும் அதுல ஹைப்போ போடல. இன்ஸ்பெக்டர் கண்ணால பாத்திருக்காரு. உங்க காப்பு மட்டும் எப்படி வெளுக்காமப் போச்சு?"

வாழ்நாள் முழுக்கப் பழுப்புத் துணியை வெள்ளையாக்கிச் சம்பாதித்த மனுஷர், குளோரின் எதை என்ன செய்யும் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் மற்ற எவரையும்விட அறிந்தவர், தன் கையில் கட்டியிருந்த ஒரு முழக் கயிற்றை மறந்து போயிருந்தார்.

"காப்பு நனையக் கூடாதுன்னு... கைய வெளிய வச்சிருந்தேன்" என்றார்.

"கம்பியப் பிடிச்சிருந்தேன்னு இப்பத்தானே கையெழுத்துப் போட்டீங்க?" என்றார் சுந்தரபாண்டியன். அவர் குரலில் இருந்த 'சார்' காணாமல் போயிருந்தது.

சோலைராஜ் எழுந்து உட்கார்ந்தார். இருமலும் நின்றுவிட்டது. "இது வேற காப்பு. பழசு வெளுத்துப் போச்சு, ராத்திரி மாத்திக் கட்டினேன். இவளுக்கு ஞாபகம் இல்ல. நாச்சியாரு, சொல்லு."

எல்லார் கண்ணும் நாச்சியார் பக்கம் திரும்பின. விசிறி நின்றது.

அவள் தலையை ஒரு தரம் ஆட்டினால் போதும். பெருமையில் உளறிவிட்டேன், மாத்தினது நிஜம்தான் என்று அவள் சொன்னால், மலைச்சாமி சாயங்காலம் ஜெயிலுக்குப் போவான். திங்கட்கிழமை பொன்னுராஜுக்குச் சாட்சி இருக்காது. தவசிமுத்து பரிபூரணத்தைப் பார்த்தான். காலையிலிருந்து ஓரிடத்தில் நிற்காத சிஸ்டர் அசையாமல் நின்றார்.

நாச்சியார் புருஷனின் கையை எடுத்துக் காப்பின் முடிச்சைத் தடவிப் பார்த்தாள். பூசாரி போட்ட முடிச்சு. பிறகு அந்தக் கையை மெல்லக் கீழே வைத்தாள்.

"பொன்னுராஜ் பொண்டாட்டி கோயில்ல எங் கையப் பிடிச்சி அழுதா" என்றாள். "ஒம் புருசன் குடிச்சிட்டுத் திருகினதுக்கு நாங்க என்ன செய்யன்னு, நீங்க சொல்லிக் குடுத்தத அப்படியே அவ மொகத்துல சொன்னேன். அதுவும் இப்படித்தானா?"

"சும்மா இருடி. ஒண்ணும் தெரியாமப் பேசாத."

"ஆமா, இது வரைக்கும் தெரியாமத்தான் பேசுனேன்." அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "எழுதிக்கோங்கய்யா. காப்ப மாத்தல. அப்பன்னா இவிய தண்ணியில எறங்கவே இல்ல."

சுந்தரபாண்டியன் அட்டையிலிருந்த தாளைப் புரட்டிவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்.